எந்த வண்டிக்கான சாலை?

கருணாபுரம் மலையில் இல்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள், நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, சமதரையில் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் அங்கே விற்ற பாக்கெட் சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நாளில் வரிசையாகச் சிதைகள் எரிந்தன. அடுத்த சில வாரங்களில் நாட்டின் பார்வை அந்தத் தெருவை விட்டு மேற்கே, கல்வராயன் மலைக்குத் திரும்பியது. கள்ளச்சாராயம் என்றதும் இந்த வட்டாரத்தில் விரல் மலையை நோக்கித்தான் நீளும். ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளி, மருத்துவமனை, ரேஷன், நில உரிமை என்று நீண்ட அந்த விசாரணையில் மறுபடி மறுபடி வந்து நின்ற சொல் சாலை.

இங்கே ஒரு நியாயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. மலை அடுப்பில் காய்ச்சி இறக்குவது அல்ல. வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைக்கிற மலைக்காரருக்கும் டிரம்மில் வந்த அந்த நஞ்சுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்த நஞ்சு பயணம் செய்தது நல்ல தார்ச்சாலையில். ஆகவே, மலைக்குச் சாலை போட்டால் சாராயம் ஒழிந்துவிடும் என்ற எளிய கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சாலைக்கும் ஊறலுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் தொடர்பு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. உள்நாட்டுப் போர் முடிந்த ஆப்பிரிக்க நாடுகளில் கிராமச் சாலைகளை மீண்டும் போட்டவர்கள் கற்ற பாடங்களையும், போர் முடிந்த இலங்கை வன்னியின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் மலை கொஞ்சம் துலக்கமாகத் தெரிகிறது.

கல்வராயனில் மரவள்ளி விளைகிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, மாவுச்சத்து இறங்கிவிடும். சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் 'பாயிண்ட்', அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்த்துத்தான் விலை போடுவார்கள். கிழங்கு கனமான சரக்கு, எடைக்கு எடை மலிவான சரக்கு, நாள் தாங்காத சரக்கு. வண்டி வராத ஊரில் அதைத் தலைச்சுமையாக இறக்கினால் சுமைகூலியே பாதி விலையைத் தின்றுவிடும். சாமையும் தினையும் கெடாது. ஆனால் ஒரு மூட்டைக்காக யார் அத்தனை மேடு ஏறுவார்? கடுக்காயைப் பொறுக்கி வைத்தால், வியாபாரி வரும்போது அவர் சொன்னதுதான் விலை. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு சரக்குதான் தோளில் போட்ட டியூபில், நள்ளிரவில், ஒற்றையடிப் பாதையில் இறங்கினாலும் கட்டுபடியாகிறது. எடை குறைவு, விலை அதிகம், கெடாது, வாங்க ஆள் தேடிவரும். சாலை இல்லாத இடத்தில் சாராயம் ஒழுக்கக்கேட்டால் பிழைப்பதில்லை. போக்குவரத்துச் செலவின் கணக்குதான் அதைப் பிழைக்க வைக்கிறது.

இதே கணக்கை 1991 முதல் 2002 வரை போரில் கிடந்த சியரா லியோனில் பார்க்கலாம். அந்தப் போரில் வைரம் எவ்வளவு பெரிய பங்கு வகித்தது என்பது உலகறிந்தது. ஒரு பிடி வைரக்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் எல்லையைக் கடந்துவிடலாம். ஒரு மூட்டை நெல்லை அப்படிக் கடத்த முடியாது. சாலை அழிந்தால் முதலில் சாவது நெல்லும் மரவள்ளியும், தழைப்பது வைரம். போர் முடிந்த பிறகு துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, 'இனி உழு' என்று இளைஞனிடம் சொல்லலாம். விளைந்ததை ஏற்றிப்போக வண்டி வராவிட்டால் அவன் மறுபடி எதைத் தேடிப் போவான்? போருக்குப் பிந்தைய நாடுகளில் கிராமச் சாலை முன்வரிசையில் பேசப்படுவதற்கு ஒரு காரணம் இது.

கல்வராயனில் போர் நடக்கவில்லை. அந்தச் சொல்லை இங்கே தளர்வாகப் போட்டுவிடக் கூடாது. ஆனால் மலைக்கும் அரசுக்கும் நடந்த சந்திப்புகளின் வரலாறு அமைதியானது என்றும் சொல்ல முடியாது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த இந்த மலை, நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கீழே தேர்தல்களும் ஐந்தாண்டுத் திட்டங்களும் நடந்துகொண்டிருந்த காலத்தில் மேலே ஜாகீர்தாருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த அரசு எந்த உருவத்தில் வந்தது? காப்புக்காட்டு எல்லைக் கல்லாக, வனத்துறை வழக்காக, ஊறலை உடைக்க வரும் மதுவிலக்குப் படையாக. மேற்கே ஒட்டிக் கிடக்கும் சித்தேரி மலையடிவாரத்தில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்திக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்த கொடுமைக்கு 2011-இல்தான் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கும் இங்கும் வாழ்பவர்கள் அதே மலையாளிப் பழங்குடிகள். ஒரு மலையில் நடந்தது இன்னொரு மலைக்குத் தெரியாமல் இருக்காது.

பிழைப்புத் தேடி இறங்கியவர்களின் கதையும் இதோடு சேர்ந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்தவர்கள் இருந்தார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் பிணமாக மிதந்த ஐவர் கருமந்துறையை ஒட்டிய மலைக்கிராமத்து ஆட்கள். கருமந்துறை, கல்வராயனின் சேலம் பக்கம். கிழங்கை இறக்க முடியாத மலையிலிருந்து ஆள் இறங்கிப் போகிறான். மனித உழைப்பும் சுமந்து செல்ல எளிதான சரக்குதானே.

இப்படிப்பட்ட ஊரில் சாலை போடப்போகிறோம் என்று அதிகாரி வந்தால் எல்லோரும் மகிழ்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. 'இதில் எந்த வண்டி வரும்?' என்பதே அங்கே எழும் முதல் சந்தேகம். சத்தீஸ்கரின் பஸ்தர் வட்டாரத்தில் இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்தோம். தோர்ணபால்–ஜகர்குண்டா சாலைப் பணிக்குக் காவல் நின்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 25 பேர், 2017 ஏப்ரல் 24 அன்று புர்காபால் அருகே மாவோயிஸ்டுகளால் கொல்லப்பட்டார்கள். சாலைக்குக் காவல், காவலுக்கு முகாம், முகாமுக்கு மேலும் சாலை என்று அந்தச் சுழல் வளர்ந்தது. அங்கே தார்ச்சாலை வந்ததும் பிரசவத்துக்குப் போக வழி கிடைத்தது என்பது உண்மை. படை விரைந்து நகர்வதற்காகவே அது முதலில் திட்டமிடப்பட்டது என்று மக்கள் நினைப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஏ9. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் அந்த நெடுஞ்சாலை, 2002 போர்நிறுத்தத்தின்போது திறந்தது. சொந்த மண்ணைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் அதில் போனார்கள். 2006 ஆகஸ்டில் அது மூடியபோது யாழ்ப்பாணக் குடாநாடு கப்பலையும் விமானத்தையும் நம்பி நின்றது. விலைவாசி எட்டாத உயரத்துக்குப் போனது. ஒரு சாலையின் திறப்பும் மூடலும் ஒரு சமூகத்தின் மூச்சாகவே மாறியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2009-இல் போர் முடிந்த பின் ஏ9-ம் மன்னார்ப் பக்கத்து ஏ32-ம் சீனக் கடனில் புதுக்கப்பட்டன. சங்குப்பிட்டிப் பாலம் 2011-இல் திறந்தது. பளபளவென்ற சாலைகள். ஆனால் வன்னியில் பலர் சொன்ன குறை, வீட்டுக்குக் கூரை வருவதற்கு முன்னால் வீட்டு வாசலில் நெடுஞ்சாலை வந்துவிட்டது என்பதுதான். அதன் வழியே தெற்கின் சரக்கு வந்தது, சுற்றுலாப் பேருந்து வந்தது, இராணுவ வண்டி வந்தது, தவணைக்குப் பொருள் விற்கும் நிறுவனமும் நுண்கடன் வசூலிப்பவரும் வந்தார்கள். போரில் எல்லாம் இழந்து உற்பத்தி இன்னும் துளிர்க்காத ஊருக்கு, விற்பவர் மட்டும் வரும் சாலை கடனைத்தான் கொண்டுவரும். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் செம்மண் பாதைகளும் குளத்துக்குப் போகும் வண்டிப்பாதைகளும் காத்துக் கிடந்தன. பெரிய சாலை அரசின் கண்ணுக்குத் தெரியும். சின்னப் பாதை அதில் நடக்கிறவருக்கு மட்டுமே தெரியும்.

ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள்? போருக்குப் பின் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் சியரா லியோனில் சீரமைத்த கிராமச் சாலைகளை லொரென்சோ கசபூரி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், தவ்னீத் சூரி ஆகியோர் ஆராய்ந்தார்கள். சாலை சரியானதும் போக்குவரத்துச் செலவு குறைந்தது. கூடவே கிராமச் சந்தைகளில் அரிசி, மரவள்ளி போன்ற உள்ளூர் விளைபொருளின் விலையும் குறைந்தது. வாங்கித் தின்பவருக்கு இது நல்லது. விளைவித்து விற்பவருக்கு? வியாபாரிகள் எப்படி வாங்குகிறார்கள், எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கைப்பேசித் தொடர்பு நன்றாக இருந்த இடங்களில் இந்த விலை இறக்கம் குறைவாக இருந்தது என்பதும் அவர்கள் கண்டது. ஆத்தூர் ஆலையில் இன்று என்ன விலை என்று கல்வராயனின் வெள்ளிமலை விவசாயிக்குத் தெரிந்தால்தான் சாலை அவர் பக்கம் நிற்கும் என்று நான் இதைப் படிக்கிறேன்.

இந்தியாவில், 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை சாம் ஆஷரும் பால் நோவோசாதும் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. சாலை வந்து நான்கு ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றம், ஆட்கள் வயல் வேலையை விட்டு வெளி வேலைக்குப் போனது மட்டுமே. விவசாயத்திலோ வருமானத்திலோ வீட்டுச் சொத்திலோ பெரிய உயர்வு தென்படவில்லை. அவர்களோடு அஞ்சலி அதுகியா சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வில் வேறொரு நன்மை தெரிந்தது: சாலை வந்த ஊர்களில் நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் கூடுதல் காலம் தங்கினார்கள். சாலையின் முதல் பயிர் வயலில் விளைவதில்லை, பள்ளியில் விளைகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் மலைப் பெண்பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் மலைக்குச் சாலை ஏன் வந்து சேரவில்லை? பணம் இல்லை என்பது பாதி பதில்தான். மீதி, விதிகளின் இடுக்கில் இருக்கிறது. கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் இருக்க வேண்டும். மலை மாநிலங்களுக்கும் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கும் 250 பேர் போதும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. 2023-இல் வந்த பிரதமர் ஜன்மன் திட்டம் 100 பேர் உள்ள குடியிருப்புக்கும் சாலை தருகிறது. ஆனால் மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களுக்கு மட்டும். தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலத்திலேயே எண்ணிக்கையில் பெரிய பழங்குடியான மலையாளி, 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல், அந்தப் பட்டியலில் இல்லை. ஓடைக்கு இந்தப்பக்கம் பத்து வீடு, மேட்டுக்கு அந்தப்பக்கம் இருபது வீடு என்று சிதறி வாழ்வது மலையின் இயல்பு. தலை எண்ணிச் சாலை தரும் விதி, அப்படி வாழ்பவரைத் தண்டிக்கிறது. அனைத்துப் பருவச் சாலையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழ்பவர் எத்தனை பேர் என்று உலக வங்கி வகுத்த அளவுகோலுக்கும் இதே குறை உண்டு. சமவெளியில் 2 கிலோமீட்டர் அரை மணி நடை. மலையில், தொட்டில் கட்டி நோயாளியைத் தூக்கிக்கொண்டு, நடுவில் ஒரு காட்டாறும் இருந்தால்?

அடுத்த தடை காடு. காப்புக்காட்டு வழியே சாலை என்றால் கோப்பு பல மேசைகளில் உறங்கும். இதற்கு ஒரு வழியை 2006-இன் வன உரிமைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அதன் 3(2) பிரிவின்படி சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகைத் தேவைகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை எடுக்கலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. ஒரு ஹெக்டேர் சின்னதாகத் தோன்றும். ஓரமும் வடிகாலும் சேர்த்து 5 மீட்டர் அகலம் என்று வைத்தால், அது சரியாக 2 கிலோமீட்டர் சாலை! எத்தனையோ சிற்றூர்களுக்கு இதுவே போதும். இந்தச் சட்டத்தின்படி பட்டா வழங்குவது 2008 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணையால் முடங்கிக் கிடந்தது. அந்த எட்டு ஆண்டு உறக்கம், கிராம சபைகளுக்குத் தங்கள் அதிகாரமே தெரியாமல் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்தப் பிரிவை ஊர்க்கவுண்டர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் தமிழில் படித்துக் காட்டுவது, ஒரு லோடு ஜல்லியைவிடப் பயனுள்ள வேலை. இன்னொன்றும் உண்டு. கிராம சபை தானே கேட்டு வாங்கிய சாலையை, யாரும் போலீஸ் சாலை என்று சொல்ல மாட்டார்கள்.

யார் கையால் போடுவது என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம். 1992 அக்டோபரில் ரோமில் அமைதி ஒப்பந்தம் ஆன பிறகு மொசாம்பிக் தன் ஊர்ச் சாலைகள் பலவற்றை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு, ஆள்பலத்தால் போட்டது. கண்ணிவெடி கிடந்த நிலம். 2015-இல்தான் அந்த நாடு கண்ணிவெடி அற்றதாக அறிவிக்க முடிந்தது. மண்வெட்டியும் கூடையும் கைஉருளையுமாக ஊர்க்காரர்களே, பெண்களும் சேர்ந்து, மண்சாலை அமைத்தார்கள். போரில் எதிரெதிரே நின்ற ஊர்கள் ஒரே சாலையின் இரு முனையிலிருந்து வேலை செய்து நடுவில் சந்திப்பது, எந்த சமாதானக் கூட்டத்துக்கும் குறைந்ததில்லை. கூலி ஊரிலேயே தங்கியது. சாலை உடைந்தால் எப்படிச் சரிசெய்வது என்ற அறிவும் ஊரிலேயே தங்கியது. நமக்கு இது புதிதல்ல. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கிய முதல் 200 மாவட்டங்களில் அன்றைய ஒன்றுபட்ட விழுப்புரமும் ஒன்று. கல்வராயனின் கள்ளக்குறிச்சிப் பக்கம் அதற்குள்தான் இருந்தது. மலையில் கல் அடுக்கித் தடுப்பு கட்டுவதும் சரிவில் வாய்க்கால் வெட்டுவதும் அந்த மக்கள் தலைமுறைகளாகச் செய்யும் வேலை. ஆனாலும் மலைச் சாலை என்றதும் கீழிருந்து பொக்லைனும் ஒப்பந்தக்காரரும்தான் ஏறுகிறார்கள். கொண்டை ஊசி வளைவை வெட்ட இயந்திரம் வேண்டும், மறுக்கவில்லை. வளைவு தாண்டி ஊருக்குள் போகும் கடைசி ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதுதான் வேண்டுமா?

பராமரிப்பு இல்லாமல்தான் சாலைகள் செத்துப்போகின்றன. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகள் சாலைகளில் போட்ட சுமார் 15,000 கோடி டாலரில் மூன்றில் ஒரு பங்கு, பராமரிக்காததாலேயே அழிந்துபோனது என்று உலக வங்கியின் அறிஞர்கள் 1990-களில் கணக்கிட்டார்கள். போர் அழித்தது ஒரு பக்கம், மழை அழித்தது மறுபக்கம். அதன் பிறகே பல நாடுகள் எரிபொருள் மீது ஒரு சிறு தொகை விதித்து, சாலைப் பராமரிப்புக்கென்றே தனி நிதியம் அமைத்தன. நம் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டவரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். ஆறாம் ஆண்டில் சாலை அனாதையாகிறது. மலையில் சாலையின் எதிரி லாரி அல்ல, தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் சரிவில் இறங்கும் நீருக்குச் சிறுபாலமும் ஓரக் கால்வாயும் சரியாக இருந்தால் மண்சாலைகூடத் தாங்கும். அவை அடைத்துக் கிடந்தால் தார்ச்சாலையும் ஒரே மழையில் பெயர்ந்து போகும். 2024 நவம்பர் கடைசியில் கரையேறிய ஃபெஞ்சல் புயல், விழுப்புரம் கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் கொட்டிய மழை இதைத்தான் சொன்னது. ஒவ்வொரு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கும் ஊர்க்காரர் ஒருவரை ஆண்டு முழுவதும் சம்பளத்தில் வைத்து, அடைப்பெடுக்கவும் பள்ளம் மூடவும் விட்டால் போதும். முன்பு நெடுஞ்சாலைத் துறையின் கேங் மஸ்தூர்கள் செய்தது அதுதான். அந்த வேலையை ஏன் கைவிட்டோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாலை முடிந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தியாவே திரும்பிப் பார்த்த நல்ல திட்டம். பேருந்தே போகாத ஊர்ப் பெண்ணுக்கு அதன் மதிப்பு சுழி. வெள்ளிமலைக்கும் கருமந்துறைக்கும் பேருந்து போகிறது. அங்கிருந்து உள்ளே பிரியும் ஊர்களுக்கு, பிக்கப் வண்டியில் மரவள்ளி மூட்டை மேல் உட்கார்ந்து போவதுதான் வழி. பயணி குறைவு, கட்டுபடியாகாது என்று பேருந்தை மறுப்பார்கள். பேருந்து வராததால்தான் பயணி குறைவு. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் லாபம் பார்க்கும் தனியார் வண்டிகளை நம்பியது. மலையின் உள்ளூர்களுக்கு அரசே நட்டம் தாங்கி வண்டி விட வேண்டியிருக்கும். அந்த நட்டத்தைப் பெரிதாகப் பேசுகிறவர்கள், கருணாபுரத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்த தொகையை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். கொடுத்தது தவறே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே தொகையில் எத்தனை மினி பஸ் எத்தனை ஆண்டு ஓடியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கிராமச் சாலை முடிந்ததும் அதன் தொடக்கத்தில் ஒரு பலகை நடுகிறார்கள். சாலையின் பெயர், நீளம், செலவு, ஒப்பந்தக்காரர், முடித்த தேதி, பராமரிப்புக் காலம் எல்லாம் அதில் இருக்கும். கல்வராயனில் இனி நடும் ஒவ்வொரு பலகையிலும் இன்னும் மூன்று வரி எழுத இடம் விட வேண்டும்: இந்தச் சாலையைக் கேட்ட கிராம சபையின் பெயரும் தேதியும், கால்வாய் அடைத்தால் வந்து எடுக்க வேண்டியவர் யார் என்பதும், காலையில் முதல் பேருந்து வரும் நேரமும்.